பனியில் விழுந்த காலடி

கணினி வந்த பாதை – 27

சென்ற இதழில் பேராசிரியர் தோமஸ் நைஸ்லியையும் அவருடைய பென்டியம் கணினியையும் 1994 ஒக்டோபரில் விட்டுவிட்டு வந்தோம். அதன் சில்லிலிருந்த வகுத்தல் அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலியாகக் கிடந்ததால் சில வகுத்தல்களின் விடை தப்பியதும், இன்டெல் கடைசியில் 475 மில்லியன் டொலரை அந்தப் பிழைக்கென்று ஒதுக்கியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதுகிறவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். வகுத்தலுக்கு முன்னால், இது கோளாறுள்ள சில்லா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனையை நிரலுக்குள் நுழைத்தார்கள். ஆம் என்றால் மென்பொருள் வழியே சுற்றி வளைத்து வகுத்தார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தது, விடை சரியாக வந்தது, விஷயம் முடிந்தது.

அந்தப் பிழையில் ஒரு நேர்மை இருந்தது. தப்பு நடந்தால் விடையே காட்டிக்கொடுத்துவிடும். இன்று சொல்லப்போவது விடை சரியாகவே வரும் பிழையைப் பற்றி. பேரேட்டில் ஒரு சதம் குறையாது, ஆனால் வீட்டுக்குள் பேசியது சந்திக்கடையில் கேட்கும்.

அதற்கு நைஸ்லிக்கு அடுத்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். 1995 மே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிவித்தது. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலையும் உங்கள் கணினியில் பயமில்லாமல் ஓடவிடலாம், எல்லை தாண்ட மொழியே விடாது என்பது ஜாவா கொடுத்த வாக்கு. நவம்பரில் இன்டெல்லின் பென்டியம் ப்ரோ வந்தது. வந்த வரிசையில் கட்டளைகளைச் செய்யாமல் எது தயாரோ அதை முதலில் செய்யும், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியுமுன்னே ஊகித்துக்கொண்டு ஓடிவிடும். ஐபிஎம்மின் பெரிய யந்திரங்களில் 1960களிலேயே விதைத்த வித்தை இது, இப்போது சாதாரண மேசைக்கு இறங்கியது. டிசம்பரில் நெட்ஸ்கேப்பும் சன்னும் ஜாவாஸ்கிரிப்ட்டை அறிவித்தன. அதே டிசம்பரில், மிருக வைத்தியராக வேண்டும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த பால் கோச்சர் என்ற இளைஞர் ஒரு செய்தி சொன்னார்: மறைகுறியாக்கம் செய்யும் கணினியைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு கணக்குக்கும் அது எடுக்கும் நேரத்தை அளந்தாலே இரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆய்வுக்கட்டுரை 1996இல் வெளியானது.

அந்நியர் நிரலை வரவேற்கும் மொழிகள் இரண்டு, முந்திக்கொண்டு ஓடும் சில்லு ஒன்று, நேரம் இரகசியத்தைச் சொல்லும் என்ற எச்சரிக்கை ஒன்று. எல்லாம் ஒரே ஆண்டில் பிறந்தவை. இலங்கையில் வியாபார ரீதியான இணைய சேவை தொடங்கியதும் அந்த ஆண்டுதான். இவற்றை ஒன்றாக மேசையில் வைத்துப் பார்க்க உலகத்துக்கு 22 ஆண்டுகள் பிடித்தன.

புரொசெசர் முந்திக்கொண்டு ஓடுவது என்றால் என்ன? ஹந்தானையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேறெங்கும் போக வேண்டியதில்லை. கண்டி நகரிலிருந்து மேலே ஏறினால் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். கொழுந்து மேல்மாடியில் வாடி, கீழிறங்கி ரோலரில் சுருண்டு, புளித்து, காய்ந்து, சலித்து வரும். ஒரு கூடைக் கொழுந்து ரோலரில் இருக்கும்போது அடுத்த கூடை மாடியில் வாடிக்கொண்டிருக்கும். எந்த யந்திரமும் சும்மா நிற்காது. புரொசெசரும் கட்டளைகளை இப்படித்தான் கட்டம் கட்டமாக நகர்த்துகிறது. சிக்கல், அடுத்து எந்தக் கட்டளை என்றே தெரியாத இடத்தில் வருகிறது. ‘இந்த எண் பட்டியலின் நீளத்துக்குள் இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று நிரல் சொல்கிறது. அந்த நீளம் பிரதான நினைவகத்திலிருந்து வந்து சேர நூறு நானோ நொடி ஆகலாம். அதுவரை சும்மா நின்றால் சில நூறு கட்டளைகளுக்கான நேரம் வீண்.

இனித் தொழிற்சாலையை விட்டுப் பிரட்டுக்களத்துக்கு வாருங்கள். விடிகாலை. பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு நிற்கிறார்கள். எந்த மலை என்ற உத்தரவு ஒஃபீசிலிருந்து இன்னும் வரவில்லை. கணக்கப்பிள்ளைக்கு அனுபவம் உண்டு. நேற்றும் முந்தாநாளும் ஐந்தாம் நம்பர் மலைதான், இன்றும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஆட்களை அனுப்பிவிடுகிறார். பத்தில் ஒன்பது நாள் அவர் கணிப்புச் சரி, ஒரு மணி நேரம் மிச்சம். பத்தாவது நாள் உத்தரவு வருகிறது: அங்கே மருந்து அடித்திருக்கிறது, யாரும் போகக்கூடாது. கங்காணி ஓடிப்போய்க் கூப்பிட, எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கவில்லை. செக்ரோலில் பேர் விழவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் அன்று யாரும் ஐந்தாம் நம்பருக்குப் போகவே இல்லை.

ஆனால் அவர்கள் நடந்த நிரையில் பனி கலைந்திருக்கிறது.

எதிர் மலையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் செக்ரோல் தேவையில்லை, எந்த நிரையில் பனி இல்லை என்று பார்த்தால் போதும். அந்த நிரையைத் தேர்ந்தெடுத்தது ஓர் இரகசிய எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 83 என்றால் 83ஆவது நிரை. கணினியில் ஓர் எழுத்தின் மதிப்பு 0 முதல் 255 வரை, ஆகவே 256 நிரைகள். பனி இங்கே கேஷ் எனப்படும் பதுக்கு நினைவகம். அண்மையில் தொட்ட தரவு அங்கே தங்கியிருக்கும், அடுத்த முறை சில நானோ நொடியில் கிடைக்கும். தொடாதது பிரதான நினைவகத்திலிருந்து ஆடி அசைந்து வரும். 256 இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு நேரம் பார்த்தால் எது சட்டென்று வருகிறதோ அதுதான் இரகசியம். தப்பான ஊகத்தைப் புரொசெசர் ரத்துச் செய்துவிடும், விடைகளை அழித்துவிடும். கலைந்த பனியை மட்டும் திரும்பப் போர்த்தாது. போர்த்த வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

மொழிகளும் சொல்லவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கரு. ஒரு நிரலுக்கு என்ன பொருள் என்பதை ஒரு மொழியின் இலக்கணம் எப்படி வரையறுக்கிறது? வெளியே தெரியும் நடத்தையால். என்ன அச்சாகிறது, எந்தக் கோப்பில் என்ன எழுதப்படுகிறது என்பவற்றால். அது மாறாத வரை கம்பைலர் உள்ளே எதையும் செய்யலாம். கடவுச்சொல்லைப் பயன்படுத்தி முடிந்ததும் அந்த இடத்தைப் பூஜ்ஜியங்களால் துடைத்துவிடு என்று நீங்கள் சீ மொழியில் எழுதுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் வாசிக்கவில்லையே, துடைப்பது வீண் வேலை என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும். இலக்கணப்படி அது குற்றமில்லை. எடுக்கும் நேரம், இழுக்கும் மின்சாரம், கேஷில் விழும் தடம் ஆகிய மூன்றும் மொழியின் பேச்சிலேயே இல்லாதவை.

மின்சாரம் என்றதும் நாம் மலையடிவாரத்துக்கு இறங்கியாக வேண்டும்.

ஹந்தானையின் காலடியில் பேராதனைப் பல்கலைக்கழகம். மகாவலிக்கு அக்கரையில் பொறியியல் பீடம், 1964இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அக்பர் பாலத்தில் நடந்தால் போய்விடலாம். அங்கே கணினிப் பொறியியல் துறை 1985இல் தொடங்கியது. ரொஷான் ராகல் இங்கே பொறியியல் படித்தவர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்ரீ பரமேஸ்வரனிடம் முனைவர் ஆய்வு செய்துவிட்டு, மறுபடி பேராதனைக்கே ஆசிரியராக வந்தார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு வரியில் கடந்துபோகிற செய்தி இல்லை, ஆனால் கதை காத்திருக்கிறது.

கோச்சர் நேரத்தோடு நிற்கவில்லை. 1999இல் ஜொஷுவா ஜாஃபி, பெஞ்சமின் ஜன் இருவரோடும் சேர்ந்து, சில்லு இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்தே சாவியை எடுக்கலாம் என்று காட்டினார். வங்கி அட்டைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். இதற்கு மாற்றாக 2007ஆம் ஆண்டு ஜூட் அஞ்சலோ அம்புறோஸ், ராகல், பரமேஸ்வரன் மூவரும் ‘ரிஜிட்’ என்ற முறையை முன்வைத்தார்கள். எங்கிருந்து எங்குவரை மறைக்க வேண்டும் என்று நிரலுக்குள்ளேயே சிறப்புக் கட்டளைகளால் குறி வைத்துவிட வேண்டும். அந்த எல்லைக்குள் ஓடும்போது புரொசெசர் தானாகவே சம்பந்தமில்லாத கட்டளைகளை எதேச்சையான இடங்களில் செருகும். வேவு பார்ப்பவனுக்குக் கிடைக்கும் மின்சாரக் கோடு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும். சில்லின் பரப்பில் கூடியது 1.9 சதவீதம்தான். ஓடும் நேரம் சராசரியாக 29.8 சதவீதம் கூடியது. இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

எனக்கு அந்த முறையில் பிடித்தது அதன் ஒப்பந்தம். வன்பொருள் தனியாக எல்லாவற்றையும் மறைக்க முயலவில்லை, மென்பொருள் தனியாக வித்தை காட்டவில்லை. எது இரகசியம் என்பது நிரலாசிரியனுக்குத் தெரியும், அவன் கோடு போடுகிறான். எப்படி மறைப்பது என்பது சில்லுக்குத் தெரியும், அது மறைக்கிறது.

பிறகு பேராதனையிலேயே தாக்கிப் பார்க்கும் பக்கமும் தொடங்கியது. ஹசிந்து கமாராச்சி, ஹர்ஷ கனேகொட, ராகல் மூவரும் மின்சாரத் தாக்குதலுக்கு ஒரு சோதனைக் கூடத்தை அடியிலிருந்து எப்படிக் கட்டுவது என்று 2015இல் விளக்கி எழுதினார்கள். இந்த வகைச் சோதனைக்கு அதிகம் வேண்டாம். சில்லுக்குப் போகும் மின்கம்பியில் ஒரு சின்னத் தடை, அதன் மேல் விழும் மின்னழுத்தத்தைப் பார்க்க ஒரு அலைகாட்டி, தரவைக் கூட்டிக் கழிக்க ஒரு கணினி. சாவி 16 எழுத்துக் கொண்டது என்றால் முழுச் சாவியையும் ஊகிப்பது பிரபஞ்சத்தின் ஆயுளுக்கும் முடியாத வேலை. ஆனால் மின்சாரம் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. ஓர் எழுத்துக்கு 256 ஊகம், பதினாறுக்கும் சேர்த்து 4,096. எந்த ஊகம் அளந்த கோட்டோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதுதான் எழுத்து. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 2013இல் வெளியிட்ட ‘ஸ்பெக்’ என்ற மறைகுறியீட்டு முறையையும் இதே மூவர் இந்த வழியில் உடைத்துக் காட்டினார்கள். 2017இல் அந்தக் கட்டுரை இலங்கைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையில் வெளியானது.

ஸ்பெக்கில் கணிதப் பிழை எதுவும் இல்லை. அதை எழுதிய நிரலிலும் பிழை இல்லை. பனிதான் கலைந்திருந்தது.

அதே 2017இல், ஜூன் முதலாம் திகதி, கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் யான் ஹோர்ன் முந்திக்கொண்டு ஓடும் சில்லுகள் இரகசியத்தைக் கசியவிடுகின்றன என்று இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் மூன்றுக்கும் ஓர் அறிக்கை அனுப்பினார். வேறு குழுக்களும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அவர்களில் ஒருவர் பால் கோச்சர், இன்னொரு குழு ஒஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர். 2018 ஜனவரி 9ஆம் திகதி எல்லோரும் சேர்ந்து அறிவிப்பதாக ஏற்பாடு. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் அவசர அவசரமாக நடந்த மாற்றங்களைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட, 3ஆம் திகதியே வெளியிட வேண்டியதாயிற்று. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு பெயர்கள்.

மெல்ட்டவுனை இயங்குதளக்காரர்கள் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். கருவின் நினைவகத்தைப் பயனர் நிரலின் வரைபடத்திலிருந்து பிரித்தார்கள், அதை இங்கே விட்டுவிடலாம். ஸ்பெக்டர்தான் கம்பைலர்காரர்களின் வாசலில் வந்து விழுந்தது. காரணம், அது மொழிகளின் அடிப்படை வாக்கையே தொட்டது. பட்டியலின் எல்லையைச் சோதிக்காமல் ஜாவாஸ்கிரிப்ட் எதையும் வாசிக்க விடாது. ஆனால் சோதனையின் முடிவு வருமுன்னே புரொசெசர் உள்ளே போய் வாசித்துவிட்டுத் திரும்புகிறதே! காவல்காரன் வாசலில்தான் நிற்கிறான், முந்திரிக்கொட்டை அவனைக் கேட்காமலே தோட்டத்துக்குள் ஒரு சுற்று வந்துவிட்டது.

ஹோர்ன் இதைச் செய்து காட்டிய விதத்திலும் ஒரு மொழி இருந்தது. லினக்ஸ் கருவுக்குள் ஈபிபிஎஃப் என்ற சிறிய மொழிக்கு, கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து இயக்கும் ஒரு மொழிபெயர்ப்பி குடியிருந்தது. பாதுகாப்பாக இருக்கவென்றே கட்டுப்பாடுகளோடு வடிவமைத்த மொழி அது. பெரிய கணினி ஒன்றுக்குள் மெய்நிகராக ஓடும் வாடகைக் கணினியின் உள்ளேயிருந்து, அந்த மொழிபெயர்ப்பியைக் கருவியாக்கி, வீட்டுக்காரக் கணினியின் நினைவகத்தை நொடிக்கு சுமார் 1,500 எழுத்து வேகத்தில் வாசித்தார். உடனே லினக்ஸில் அந்த மொழிபெயர்ப்பியை அடியோடு நீக்கிவிட ஒரு தெரிவு சேர்ந்தது.

கம்பைலர் உலகில் அந்த ஜனவரி மாதம் முழுவதும் நெருப்புத்தான். கூகுளின் பால் டேர்னர் ‘ரெட்போலின்’ என்ற உபாயத்தைக் கொண்டுவந்தார். எங்கே தாவுவது என்று ஓடும்போதுதான் தெரியும் தாவல்கள் உண்டு. சீ++ இன் மெய்நிகர் அழைப்புகள், செயற்கூற்றுச் சுட்டிகள், மொழிபெயர்ப்பிகள் ஒவ்வொரு கட்டளைக்கும் போடும் தாவல் எல்லாம் இந்த இனம். புரொசெசர் இவற்றையும் ஊகிக்கும், எதிரி தன் நிரலால் அந்த ஊகத்தைப் பழக்கித் தனக்கு வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். டேர்னரின் வழியில் கம்பைலர் அந்தத் தாவலையே எழுதாது. ஓர் அழைப்பைப் போட்டு, திரும்ப வேண்டிய முகவரியை அடுக்கிலேயே மாற்றி எழுதி, பிறகு ‘திரும்பு’ என்று சொல்லும். உண்மையான ஓட்டம் சரியான இடத்துக்குப் போகும். ஊகமோ அழைத்த இடத்துக்கே திரும்பி, அங்கே போட்டு வைத்திருக்கும் முடிவில்லாத சுழலில் செக்கு மாடாகச் சுற்றும். முந்திரிக்கொட்டையைத் தடுக்க முடியாது, சுற்றவிடலாம். 2018 ஜனவரி 25ஆம் திகதி வந்த ஜிசிசி கம்பைலர் 7.3இல் இதற்கான தெரிவு இருந்தது. மார்ச்சில் எல்எல்விஎம் கம்பைலர் 6.0இலும்.

விலை? கம்பைலர்கள் பல பத்தாண்டுகளாகத் தீட்டிவந்த நுட்பங்கள் ஒரே இரவில் தலைகீழாயின. பல கிளைகள் உள்ள தேர்வை ஒரு முகவரி அட்டவணையாக மாற்றித் தாவுவது பாடப்புத்தக உத்தி. ரெட்போலினை முடுக்கினால் எல்எல்விஎம் அந்த அட்டவணையைக் கைவிட்டு, ‘இதுவா, அதுவா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பழைய முறைக்குத் திரும்பிவிடும். தாவல்களை நம்பியே வேகம் பெற்ற மொழிபெயர்ப்பிகள் அதிகம் அடிவாங்கின.

அது ஸ்பெக்டரின் ஒரு வகைக்கு. எல்லைச் சோதனையை ஏமாற்றும் வகைக்கு மைக்ரோசொஃப்ட் தன் கம்பைலரில் ஒரு தெரிவைச் சேர்த்தது. ஆபத்தான வடிவம் கண்ணில் பட்டால் ஊகத்தைத் தடுக்கும் கட்டளையைக் கம்பைலரே செருகும் என்றார்கள். பெப்ரவரியில் கோச்சர் 15 சின்னஞ்சிறு நிரல்களை எழுதி அதில் போட்டுப் பார்த்தார். ஒரே ஓட்டை, பதினைந்து வேஷம். பெரும்பாலானவற்றில் தடை விழவே இல்லை. இதற்காக மைக்ரோசொஃப்ட்டைத் திட்டுவது நியாயமில்லை என்பேன். எல்லா இடத்திலும் தடை போட்டால் நிரல் தவழும், சில இடத்தில் போட்டால் மற்ற இடம் திறந்து கிடக்கும். எந்த இடம் என்று தீர்மானிக்கக் கம்பைலருக்கு எது இரகசியம் என்று தெரிய வேண்டும். யார் சொன்னார்கள்?

சாண்ட்லர் கரூத் எல்எல்விஎம்முக்காக வேறொரு வழியை எடுத்தார். தடுப்பதற்குப் பதிலாக நஞ்சூட்டுவது. ஒவ்வொரு கிளையிலும் ‘நாம் சரியான பாதையில் இருக்கிறோமா’ என்ற நிலையை ஒரு பதிவகத்தில் கணக்கு வைத்துக்கொண்டே போகும். தப்பான பாதை என்றால், வாசித்த மதிப்போ வாசிக்கும் முகவரியோ அந்த நிலையோடு கலந்து பயனற்றதாகிவிடும். ஆள் தோட்டத்துக்குள் போவான், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு. இதன் சுமையைப் பற்றி எல்எல்விஎம் ஆவணம் சொல்வது: பெரிய நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு 30 சதவீதமோ அதற்குக் குறைவோ. 2007இல் ‘ரிஜிட்’ தந்த 29.8 சதவீதத்தோடு வைத்துப் பாருங்கள். வேறு தாக்குதல், வேறு சில்லு, வேறு வழி. தடத்தை மறைக்கும் கூலி மட்டும் அதே பக்கத்தில் நிற்கிறது.

உலாவிக்காரர்களின் கதை இன்னும் சுவை. அவர்களால் ‘பயனர் கவனமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் அதன் விளம்பரக்காரனின் ஜாவாஸ்கிரிப்ட்டும் சேர்ந்தே ஓடுகிறது. ஆகவே முதலில் கடிகாரத்தை மழுக்கினார்கள். ஜனவரி 4ஆம் திகதியே ஃபயர்ஃபொக்ஸ் தன் நேர அளவையை 5 மைக்ரோ நொடியிலிருந்து 20 ஆக்கியது. பனி கலைந்ததா என்று பார்க்க நல்ல கண் வேண்டும் அல்லவா, கண்ணாடியை அழுக்காக்கிவிட்டார்கள். ஆனால் கடிகாரம் இல்லாமலே கடிகாரம் செய்யலாம். இரண்டு இழைகள் பகிரும் நினைவகத்தில் ஓர் இழை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தால் மற்றதற்கு அது துல்லியமான கடிகாரம். இந்தப் பகிர்வு நினைவகம் ஜாவாஸ்கிரிப்ட்டின் தரத்தில் சேர்ந்தது 2017 ஜூனில்தான். பல ஆண்டு வாதாடிக் கொண்டுவந்த வசதியை ஏழாம் மாதத்திலேயே எல்லா உலாவிகளும் அணைத்தன. மொழியின் இலக்கணத்தில் இருக்கும் ஒன்றை நடைமுறையில் எங்கும் காணோம் என்ற நிலை கம்பைலர் வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

க்ரோம் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வீ8ஐ எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு வருடம் போராடினார்கள். பட்டியலின் சுட்டெண்ணை முகமூடியிட்டுச் சுருக்குவது, கரூத்தைப் போல நஞ்சூட்டுவது என்று எல்லாவற்றையும் செய்துபார்த்தார்கள். 2019 பெப்ரவரியில் ரொஸ் மக்கில்ரோய், பென் டிட்சர் முதலானோர் எழுதிய கட்டுரை, நான் படித்த ஆய்வுக்கட்டுரைகளில் மிக நேர்மையான தோல்வி அறிக்கை. ஒரே முகவரி வெளிக்குள் இருக்கும் இரண்டு நிரல்களுக்கு நடுவே, இன்றைய சில்லுகளில், இரகசியத்தைக் காக்கும் சக்தி எந்த மொழிக்கும் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஜாவா 1995இல் கொடுத்த வாக்கில் பாதியை இருபத்து நான்கு வருடம் கழித்து வாபஸ் வாங்கியது போலத்தான். எழுதாமல் தடுக்க மொழியால் முடியும், பார்க்காமல் தடுக்க முடியாது.

மலையகத்துக்காரருக்கு இதைச் சொல்ல விளக்கம் வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் இருக்கத்தான் செய்கிறது. யாரும் அடுத்த காம்பராவுக்குள் நுழைவதில்லை. ஆனால் கூரை ஒன்று, இங்கே இருமினால் அங்கே தூக்கம் கலையும். சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்து, பலகை அடி, மெதுவாகப் பேசு என்று எத்தனை வழி சொன்னாலும் தீர்வு ஒன்றுதான் என்று தலைமுறைகளாகக் கேட்டுவருகிறோம்: தனி வீடு. கூகுளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 2018இலேயே க்ரோம் 67இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் செயல்முறையை மேசைக்கணினிகளில் கொண்டுவந்தார்கள். நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடியது. காணி வேண்டுமே. ஏழு பேர்ச்சுக்கு நம் ஆட்கள் அலைந்ததை நினைத்தால் அது மலிவு. தனி வீடு வந்ததும் வீ8காரர்கள் தங்கள் இயந்திரத்துக்குள் போட்டிருந்த முகமூடிகளை அங்கெல்லாம் கழற்றிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் எல்விஐ என்ற தாக்குதல் வெளியானது. இன்டெல்லின் பாதுகாப்பு வளையத்துக்குள் ஓடும் நிரல்களில், நினைவகத்திலிருந்து வாசிக்கும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஒரு தடை போட வேண்டும் என்றார்கள். அசெம்பிளர்களில் அதற்கும் தெரிவு சேர்ந்தது. நிரல் 2 முதல் 19 மடங்கு வரை மெதுவானது. சதவீதம் இல்லை, மடங்கு. 2022 ஜூலையில் சூரிச்சிலிருந்து யொஹானஸ் விக்னர், காவே ரசாவி இருவரும் ‘ரெட்பிளீட்’ கொண்டுவந்தார்கள். ரெட்போலின் எந்தத் ‘திரும்பு’ கட்டளையை நம்பியதோ, அந்தத் திரும்புதலையே சில ஏஎம்டி, இன்டெல் சில்லுகளில் வழிதவறச் செய்யலாம் என்று காட்டினார்கள். செக்கு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டுவிட்டது.

கம்பைலர் இதில் எப்போதும் பாதிக்கப்பட்டவர் மட்டும் இல்லை, சில நேரம் குற்றவாளியும்தான். மறைகுறியீட்டு நிரல் எழுதுகிறவர்கள் நேரம் தடம் விடாதிருக்க, கிளைகளே இல்லாமல் சிரமப்பட்டு எழுதுவார்கள். 2018இல் லொரன்ட் சைமன், டேவிட் சிஸ்னல், ரொஸ் ஆண்டர்சன் மூவரும் காட்டியது: கம்பைலர் அதைப் பார்த்து, இதைக் கிளையாக எழுதினால் வேகமாகுமே என்று திருத்திவிடுகிறது. நிரலாசிரியன் மனதில் இருப்பதைச் சொல்ல மொழியில் ஒரு சொல் வேண்டும், அது இல்லாததால்தான் இந்தக் கோலம் என்பது அவர்கள் வாதம். இந்த வழக்கில் நான் அவர்கள் பக்கம்.

அந்தச் சொல் ஓரிரண்டு இடங்களில் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆர்ம் சில்லுகளில், தரவு எதுவானாலும் சில கட்டளைகள் ஒரே நேரத்தில் முடியும்படி வைக்கும் ஒரு நிலை உண்டு. 2025 பெப்ரவரியில் வந்த கோ மொழியின் 1.24ஆம் பதிப்பில் அதற்கென ஒரு செயற்கூறு சேர்ந்தது. மறைக்க வேண்டிய வேலையை அதற்குள் போட்டால், தொடங்கும்போது அந்த நிலையை முடுக்கி, முடிந்ததும் பழைய நிலைக்கே விட்டுவிடும். இங்கிருந்து இங்குவரை என்று நிரலாசிரியன் போடும் அதே கோடு. ஆர்ம் அல்லாத சில்லுகளில் நிரல் தடையில்லாமல் ஓடும், கோட்டை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

(அடுத்த இதழில்: 2024ஆம் ஆண்டு, ஆப்பிள் சில்லுகளில் ‘கோஃபெட்ச்’)